நூறு வாங்கினால் நாற்பது காட்டுவது ஏன்?

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போன் அடித்தால், அநேகமாக விஷயம் ஒன்றுதான். “நூறு எம்பிபிஎஸ்னு சொல்லித்தானே காசு வாங்குறீங்க? இங்க நாப்பதுதான் காட்டுது.” சிலர் கூடவே ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பிவிடுவார்கள். காசு கொடுத்தவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நாற்பதை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. எந்தப் போனில் பார்த்தார், வீட்டில் எந்த மூலையில் நின்று பார்த்தார், எந்த ஊர் சர்வரோடு பார்த்தார், அந்த நேரம் வீட்டில் வேறு யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த நாற்பதுக்கு அர்த்தம் உண்டு.

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுத்து, பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதற்கு முன்னால் கேபிள் டிவி. அப்போது படம் தெரிகிறதா, தெரியவில்லையா என்று இரண்டே கேள்விதான் வரும். இப்போது எல்லார் கையிலும் ஸ்பீட் டெஸ்ட் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதை எப்படிச் செய்வது, வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஸ்பீட் டெஸ்ட் அளப்பது ஒரு முழு வழியை. உங்கள் போனில் தொடங்கி, வைஃபை, ரூட்டர், தெருக்கம்பம், எங்கள் அலுவலகம், அதற்கு மேலே பெரிய கம்பெனிகளின் லைன் என்று போய், ஏதோ ஓர் ஊரில் இருக்கும் சர்வரில் முடிகிற வழி அது. அதில் எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த இடத்தின் எண்தான் திரையில் வரும். அது எந்த இடம் என்பதைத் திரை சொல்லாது. வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பார்த்த வரையில், வேகம் அதிகம் தொலைவது வாசற்படிக்கு உள்ளேதான்.

அந்த அரை நிமிடத்தில் நடப்பது

பொத்தானை அமுக்கியதும், செயலி பக்கத்திலிருக்கும் சில சர்வர்களுக்குச் சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, எது சீக்கிரம் பதில் சொல்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தகவல் போய்த் திரும்பும் நேரம்தான் ‘பிங்’. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசெகண்டில் அதைச் சொல்வார்கள். அடுத்து, அந்தச் சர்வரோடு ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து, ஒன்றுக்கும் உதவாத தரவை முடிந்த மட்டும் இழுக்கும். இணையத்தில் எந்த இணைப்பும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடுவதில்லை. வழி தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏறும். அதனால் தொடக்கத்தில் வருவதைத் தள்ளிவிட்டு, நிலைபெற்ற பிறகு வருவதையே கணக்கில் எடுக்கும். பிறகு அதே வேலையை எதிர்த்திசையில் செய்யும். அது அப்லோடு.

எல்லாச் சோதனையும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஊக்லா நிறுவனம் 2006-இல் தொடங்கிய ‘ஸ்பீட்டெஸ்ட்’தான் நம் ஊரில் பலரும் வைத்திருப்பது. உலகம் முழுக்க அதற்கு ஆயிரக்கணக்கான சர்வர்கள் உண்டு. அவற்றில் பல, இணையச் சேவை நிறுவனங்களின் அலுவலகங்களிலேயே இருக்கின்றன. 2016-இல் நெட்ஃப்ளிக்ஸ் கொண்டுவந்த ‘ஃபாஸ்ட்’, அந்தக் கம்பெனி படம் அனுப்புகிற அதே சர்வர்களிலிருந்தே தரவை இழுத்துப் பார்க்கிறது. கூகுளில் ஸ்பீட் டெஸ்ட் என்று தேடினால் வரும் சோதனை, ‘எம்-லேப்’ என்ற ஆய்வு அமைப்பின் சர்வர்களோடு நடப்பது. அது பல இணைப்புகளைத் திறக்காது. ஒற்றை இணைப்பில்தான் அளக்கும். ஆகவே ஒரே வீட்டில், ஒரே நிமிடத்தில், மூன்றும் மூன்று எண் சொன்னால் எதுவும் பொய் இல்லை. மூன்றும் வேறு வேறு வழியை, வேறு வேறு விதத்தில் அளந்திருக்கின்றன.

சோதனைக்கும் டேட்டா செலவாகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 10 நொடி இழுத்தாலே 125 மெகாபைட். அப்லோடையும் சேர்த்தால் 250. மாத அளவு வைத்த பிளானில் பொழுதுபோகாமல் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தால், அளக்கிற வேலையே அளவைத் தின்றுவிடும்.

பன்னிரண்டரைக் குழப்பம்

இங்கே கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் என் வாடிக்கையாளர். புது இணைப்பு கொடுத்த மறுநாளே கூப்பிட்டார். “அண்ணே, நூறுன்னு சொன்னீங்க, பன்னெண்டுக்கு மேல ஏறவே மாட்டேங்குது.” போய்ப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்பீட் டெஸ்ட் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் இறங்கும்போது ஓரத்தில் தெரியும் வேகம். அது மெகாபைட் கணக்கு. நாங்கள் பிளானில் விற்பது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அவருக்கு வந்துகொண்டிருந்தது முழு வேகம்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கம்பியில் போவதை பிட்டில் அளப்பதும், வட்டில் சேமிப்பதை பைட்டில் அளப்பதும் இந்தத் தொழிலில் ஆதியிலிருந்து உள்ள வழக்கம். உங்கள் திரையில் ஒரு வேகம் தெரிந்தால், அது எம்பிபிஎஸ்ஸா, நொடிக்கு இத்தனை எம்பியா என்று முதலில் பாருங்கள். பின்னதாக இருந்தால் எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிகாபைட் சினிமா 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆனால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் வயர்

புகார் வந்த வீட்டுக்குப் போனால் நான் முதலில் செய்வது, என் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரில் செருகுவது. வைஃபையை அணைத்துவிடுவேன். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி, போன் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்வேன். விபிஎன் இருந்தால் அதையும் அணைக்கச் சொல்வேன். பிறகுதான் சோதனை. இந்த ஒரே காரியம் வழியை இரண்டாக வெட்டிவிடும்: வயரில் நூறு வந்து, போனில் நாற்பது வந்தால் கோளாறு வைஃபையில். வயரிலும் நாற்பதுதான் என்றால் அதற்கு அப்பால்.

ஊரில் ஒரு ஆச்சி வீடு. மகன் சிங்கப்பூரில். வீடியோவில் பேரன் முகம் உறைந்து நிற்கிறது என்று அம்மா சொல்லும்போதெல்லாம், அவர் அங்கிருந்தே பிளானை ஏற்றிக்கொண்டே போனார். ஐம்பது நூறானது, நூறு இருநூறானது. முகம் நின்றது நின்றபடிதான். நான் போய் வயரைச் செருகிப் பார்த்தால் 94. இன்னொரு தடவை பார்த்தாலும் 94.

என் தொழிலில் 94 ஒரு பழகிய எண். லேன் போர்ட்களில் நூறு மெகாபிட் வகை, ஆயிரம் மெகாபிட் வகை என்று உண்டு. பின்னதைத்தான் கிகாபிட் போர்ட் என்கிறோம். நூறு வகையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் முகவரி முதலான தலைப்புகளும் சேர்ந்து போவதால், நிகரமாக நமக்குக் கிடைப்பது 94, 95தான். இருநூறோ முந்நூறோ பிளான் வாங்கியவர் வீட்டில் சொல்லிவைத்தாற்போல 94 வந்தால், காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. ரூட்டரின் போர்ட் பழைய நூறு வகையாக இருக்கும். அல்லது போர்ட் கிகாபிட்டாக இருந்தும், வயரில் கோளாறு இருக்கும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்துபோனாலோ, கிரிம்ப் செய்தவர் ஒரு கம்பியைச் சரியாக உட்காரவைக்காமல் விட்டாலோ, இரு முனையும் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். எங்கும் சிவப்பு விளக்கு எரியாது.

ஆச்சி வீட்டில் போர்ட்தான் பழசு. ஐம்பது பிளானுக்கு வைத்த ரூட்டர் அப்படியே இருந்தது. அந்தப் போர்ட்டில் செருகிய எதற்கும், பிளான் இருநூறு ஆனாலும் எண்ணூறு ஆனாலும், 94-க்கு மேல் வர வழியே இல்லை. ஆனாலும் ஒரு வீடியோ பேச்சுக்கு 94 எதேஷ்டம். பேரன் முகம் ஏன் நிற்கிறது?

இரண்டாம் கட்டில் பதினொன்று

“போனை எங்க வச்சுப் பேசுவீங்க ஆச்சி?” என்றேன்.

“இங்கதான் தம்பி, சாப்பிடுற எடத்துல. இங்கனதான் காத்து வரும்.”

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படி. நடுவில் சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த செங்கல் சுவர்கள். ரூட்டர் இருந்தது முகப்பில், ஒரு மர அலமாரிக்குள். ஆச்சி பேசுவது இரண்டாம் கட்டில். நான் போனை எடுத்துக்கொண்டு அளந்தபடியே நடந்தேன். ரூட்டர் பக்கத்தில் 150-க்கு மேல். வளவில் அறுபது. இரண்டாம் கட்டில் பதினொன்று, அதுவும் விட்டுவிட்டு. மகன் பிளானை ஏற்றும்போதெல்லாம் முகப்பில்தான் எண் ஏறியிருக்கிறது. இரண்டாம் கட்டுக்கு அந்தக் காசு போய்ச் சேரவே இல்லை.

வைஃபை ஒரு வானொலி அலை. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் வேலை செய்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர் என்றால் சீக்கிரம் சோர்ந்துவிடும். போன் தூரம் போகப் போக, தானாகவே 5-லிருந்து 2.4-க்கு மாறிக்கொள்ளும். ஸ்பீட் டெஸ்ட் எடுக்கும்போது எதில் இருக்கிறோம் என்று பார்க்காவிட்டால், காலையில் 150, மாலையில் 30 என்று வந்து குழப்பும். சில விலை குறைந்த போன்களிலும் பழைய லேப்டாப்களிலும் 5 கிகாஹெர்ட்ஸே இருக்காது.

2.4-இல் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். நெருக்கமான தெருவில் பத்து வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பகுதியில்தான் இயங்குகிறது; அது ஓடும்போது அடுப்படியில் வைஃபை திணறுவது கற்பனை இல்லை. கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகப் பூச்சு, தண்ணீர் நிறைந்த மீன் தொட்டி, எல்லாமே அலையைத் தடுக்கும் அல்லது விழுங்கும். நம் வீடுகளில் ரூட்டரை வைக்கும் இடம் எப்படித் தேர்வாகிறது? பார்வைக்கு அசிங்கமாகத் தெரியாத இடம்: டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், பரணில். அலைக்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது. திறந்த இடத்தில், தலை உயரத்தில், வீட்டின் நடுவாக்கில் வையுங்கள். பல வீடுகளில் இதைச் செய்ததுமே எண் இரட்டிப்பாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆச்சி வீட்டுக்கு அது போதாது. கிகாபிட் ரூட்டர் மாற்றி, வளவின் மேல் ஓரமாக லேன் கேபிள் இழுத்து, இரண்டாம் கட்டில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தோம். கடையில் ரிப்பீட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். வயர் வேண்டாம், பிளக்கில் செருகினால் போதும். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் வாங்கி, அதே அலையில் திரும்பக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வயர் இழுக்க முடிகிற வீட்டில் வயருக்கு இணை எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் மகன் பிளானைப் பழையபடி நூறுக்கே இறக்கிவிட்டார். இரண்டாம் கட்டில் இப்போது தொண்ணூறுக்கு மேல் வருகிறது.

கம்பத்திலிருந்து வீடு வரை

வயரில் பார்த்தும் குறைவாக வந்தால், அது எங்கள் பக்கம். எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ‘ஜிபான்’ என்ற முறையில் ஓடுகிறது. அலுவலகத்திலிருந்து ஒற்றை இழை கிளம்பும். அதில் இறங்குமுகமாக நொடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட், ஏறுமுகமாக 1.25 கிகாபிட் போகலாம். வழியில் ‘ஸ்ப்ளிட்டர்’ என்ற சின்னப் பெட்டி அந்த ஒளியைப் பங்கு பிரித்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ அனுப்பும். 64 வீட்டுக்கும் நூறு நூறு பிளான் என்றால் மொத்தம் 6.4 கிகாபிட். இருப்பதோ 2.5. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்ற கணக்கில்தான் உலகம் முழுக்க இந்தத் தொழில் நடக்கிறது. கணக்கு நியாயமாகப் போட்டிருந்தால் யாருக்கும் குறை தெரியாது. பேராசையாகப் போட்டிருந்தால், அல்லது மேலே வாங்குகிற பேண்ட்வித்தில் சிக்கனம் பிடித்தால், ராத்திரி எட்டிலிருந்து பதினொன்றுக்குள், ஐபிஎல் ஓடுகிற நேரத்தில், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். விடிகாலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை, வயரில் சோதித்து எழுதிவையுங்கள். காலையில் 95, ராத்திரி 35 என்று தொடர்ந்து வந்தால், நெரிசல் சேவை கொடுப்பவரிடம் இருக்கிறது. அவரைத் தாராளமாகக் கேளுங்கள். எந்நேரமும் ஒரே மாதிரி குறைவாக வந்தால் நெரிசல் இல்லை. போர்ட்டோ, பிளான் அமைப்போ, லைனோ பார்க்க வேண்டும்.

அணில் கடித்தது, லாரி உரசியது, மழையில் ஜாயின்ட் கெட்டது என்று ஃபைபருக்கு எங்கள் ஊரில் எதிரிகள் அதிகம். வீட்டுக்கு வரும் ஒளியின் பலத்தை நாங்கள் ‘பவர்’ என்போம். டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 18, 20, 22 என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெட்டிக்கு ஒளியைப் படிப்பது கஷ்டம். ஒளி குறைந்தால் வேகம் படிப்படியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓர் எல்லை வரை முழு வேகம் வரும். எல்லையைத் தாண்டினால் இணைப்பு விட்டுவிட்டு அறுபடும், பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரியும். ஆக, நாள் முழுக்க நிதானமாக நாற்பது வருகிறதென்றால் அணிலைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்குள் ஃபைபரை ஆணியில் சுற்றி, கதவிடுக்கில் மடக்கி வைத்திருந்தால் மட்டும் உடனே நேராக்குங்கள். கண்ணாடி இழை சின்ன வளைவில் ஒளியைக் கசியவிட்டுவிடும்.

எந்த ஊரோடு அளக்கிறீர்கள்?

செயலி தானாகத் தேர்ந்தெடுப்பது பக்கத்துச் சர்வரை. அது உங்களுக்கு இணைப்பு கொடுத்த கம்பெனியின் சர்வராகவே இருந்தால், சோதனை அந்தக் கம்பெனியின் வாசலைக்கூடத் தாண்டவில்லை என்று அர்த்தம். எண் அழகாக வரும். ஆனால் நீங்கள் பார்க்கும் படமும் பேசும் பேச்சும் அங்கே இல்லை. சர்வரை மாற்றும் வசதி ஸ்பீட்டெஸ்ட் செயலியில் இருக்கிறது. உள்ளூர், சென்னை, மும்பை, சிங்கப்பூர் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். உள்ளூரில் நூறும் சென்னையில் முப்பதும் வந்தால், கம்பெனி வெளியே போகும் வழியைக் குறுக்கிவைத்திருக்கிறது.

தூரம் கூடினால் பிங்கும் கூடும். அதில் யார் குற்றமும் இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கடலடி கேபிளில் போய்த் திரும்ப, நேர்கோட்டில் போனால்கூட 29 மில்லிசெகண்ட் ஆகும். நடைமுறையில் நாற்பதுக்குப் பக்கத்தில் வந்தால் நல்ல வழி. உங்கள் கம்பெனி மும்பை வழியாகச் சுற்றி அனுப்பினால் அது இன்னும் ஏறும். அமெரிக்கா என்றால் 200-க்கு மேல் போவது சகஜம். பிளானை ஏற்றி இந்த எண்ணைக் குறைக்க முடியாது.

நூறு காட்டும், ஆனாலும் நிற்கும்

ஸ்டுடியோக்காரரிடமிருந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு புகார். சாயங்காலமானால் பையன் விளையாடும் கேம் தடுமாறுகிறது, வீட்டம்மா பேசும் வீடியோ அழைப்பு உடைகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் டவுன்லோடு நூறு. இங்கேதான் பலர் திகைத்துப்போகிறார்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஒரு பந்தியில் எத்தனை இலை போடலாம் என்பது எம்பிபிஎஸ். “ரசம்” என்று கேட்டால் எவ்வளவு நேரத்தில் ரசம் வருகிறது என்பது பிங். ஐந்நூறு இலை போடுகிற மண்டபத்திலும் ரசம் கேட்டுக் காத்திருக்க நேரலாம்.

சினிமா பார்க்க இலை எண்ணிக்கை போதும். படம் முன்கூட்டியே கொஞ்சம் இறங்கிச் சேர்ந்திருக்கும். பேச்சுக்கும் விளையாட்டுக்கும் ரசம் உடனே வர வேண்டும். அதைச் சொல்வது மூன்று எண்கள்: சும்மா இருக்கும்போது பிங், அந்தப் பிங் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற ‘ஜிட்டர்’, லைன் நிறைந்து ஓடும்போது பிங். மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஸ்டுடியோக்காரர் தினமும் சாயங்காலம் கல்யாண வீடியோக்களை மேகச் சேமிப்பில் ஏற்றுகிறார். அப்லோடு நிரம்பியதும், ரூட்டர் மிச்சத் தரவைத் தூக்கிப் போடாமல் தன் நினைவகத்தில் வரிசை கட்டி நிறுத்துகிறது. பையனின் சின்னத் தகவலும் அந்தப் பெரிய வரிசைக்குப் பின்னால் போய் நிற்கிறது. சும்மா இருக்கும்போது 8 மில்லிசெகண்டாக இருந்த பிங், அந்த நேரம் 400-ஐத் தாண்டியது. இதற்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் சொந்த வீட்டு இணைப்பில் ஃபைல் ஏற்றும்போது இதைக் கவனித்து, 2010 வாக்கில் எழுத ஆரம்பித்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

இதை நீங்களே பார்க்கலாம். ஃபாஸ்ட் சோதனை முடிந்ததும் மேலும் விவரம் கேட்கும் பொத்தானை அமுக்குங்கள். சுமை இல்லாத நேரத்துத் தாமதம், சுமை உள்ள நேரத்துத் தாமதம் என்று இரண்டையும் காட்டும். ஸ்பீட்டெஸ்ட் செயலியிலும் டவுன்லோடு நேரத்து பிங், அப்லோடு நேரத்து பிங் என்று தனித்தனியாக வரும். சுமை ஏறியதும் பிங் பத்திலிருந்து முப்பதானால் பரவாயில்லை. பத்திலிருந்து நூற்றுக்கணக்கில் தாவினால், அழைப்பு உடைவதன் காரணம் அதுதான். ரூட்டரில் ‘க்யூஓஎஸ்’ என்ற அமைப்பு இருந்தால் அப்லோடை மொத்த அளவில் ஒரு பத்து சதவீதம் கீழே கட்டுப்படுத்தி வைக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டுடியோக்காரர் செய்ததைச் செய்யுங்கள்: வீடியோ ஏற்றும் வேலையை நள்ளிரவுக்கு மாற்றிவிட்டார். போனில் எடுத்த படங்கள் தானாக ஏறுவதும், வெளிநாட்டிலிருந்து பார்க்கும் சிசிடிவி கேமராக்களும் இதே வேலையைத்தான் செய்யும். எங்கள் பக்கத்தில் பூட்டிய வீடுகளிலெல்லாம் கேமரா உண்டு.

உண்மையில் எவ்வளவு வேண்டும்?

நெட்ஃப்ளிக்ஸ், முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. நல்ல தரமான வீடியோ அழைப்புக்கு நாலு எம்பிபிஎஸ் தாராளம். ஒரே நேரத்தில் இரண்டு டிவியில் 4கே, இரண்டு அறையில் வீடியோ அழைப்பு என்று கூட்டிப் பார்த்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. பெரிய ஃபைல்கள் ஏற்றி இறக்கும் தொழில் உள்ள வீட்டுக்கு மட்டுமே அதற்கு மேல் உண்மையான பயன். மற்ற வீடுகளில் ஐம்பதை ஒழுங்காக எல்லா அறைக்கும் கொண்டுபோவது, முந்நூறை முகப்பிலேயே நிறுத்துவதைவிட மேல்.

சட்டத்தின் கணக்கு இதைவிட மிகச் சின்னது. 2004-ஆம் ஆண்டு மத்திய அரசு அகன்ற அலைவரிசை என்று சொன்னது 256 கேபிபிஎஸ். 2013-இல் அது 512 ஆனது. 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். பிளான் விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல் இருக்கிறதா, மாத டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் இணையம் நகராமல் நிற்பதற்குப் பல வீடுகளில் இந்த அளவுதான் காரணம்.

புகார் என்றால் இப்படி

வயரில் சோதித்தும், பல நேரங்களில் பார்த்தும் குறைவாகவே வருகிறதென்றால் விட்டுவிடாதீர்கள். தேதி, மணி, வயரா வைஃபையா, எந்த ஊர் சர்வர், பிங், டவுன்லோடு, அப்லோடு என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். உங்கள் கம்பெனியின் புகார்த் தொலைபேசியில் பதிவுசெய்து, அந்தப் புகாருக்கான பதிவு எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி, இதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், அங்கே கடிதம் எழுதிக் காலத்தைக் கடத்த வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். வாய்ச்சொல்லாக “ஸ்லோவா இருக்கு” என்பவரிடம் எந்தக் கம்பெனியும் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு நழுவும். ஒரு வாரக் குறிப்போடு வருபவரிடம் நழுவுவது கஷ்டம்.

என்னைப் போன்றவர்களைக் கூப்பிடும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: யாரிடமாவது லேப்டாப் வாங்கியாவது, வயரில் செருகி ஒரு தடவை பாருங்கள். பிறகு வயரில் இவ்வளவு, அறையில் இவ்வளவு, சென்னை சர்வரில் இவ்வளவு, லைன் நிறைந்தபோது பிங் இவ்வளவு என்று சொல்லுங்கள். ஏணியோடு வர வேண்டுமா, வெறும் வயரோடு வர வேண்டுமா என்பது அந்த நான்கு எண்ணிலேயே எனக்குத் தெரிந்துவிடும். பெரிய பிளானுக்குக் காசு கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது தேவையே படாது.